எட்டு டிகிரி வித்தியாசம்

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வகக் குறிப்பேட்டில் எழுத முடியாதவற்றை இன்றிலிருந்து இந்த நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன். நாளைக்கு யாராவது "எப்போதிலிருந்து உனக்குச் சந்தேகம்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். என் துகள் கலந்த நீரை லேசருக்கு முன்னால் பத்து நிமிடம் வைத்தால் 19.4 டிகிரி ஏறும். இரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துத்தான் என் கட்டுரை வெளிவந்தது. அதை வைத்துத்தான் மே 12 அன்று எனக்குப் பிஎச்.டி. வைவா. நேற்று ஜெபக்கனி அதே பாட்டிலில் இருந்து எடுத்து, அதே லேசரில் வைத்து அளந்தாள். 11.3.

எட்டு டிகிரி எங்கே போகும்?

ஜெபக்கனி ஜனவரியில் சேர்ந்த ப்ராஜெக்ட் ஃபெல்லோ. நாசரேத் பக்கம். இருபத்தேழு வயது. வாய் திறந்து அதிகம் பேச மாட்டாள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் சேர்ந்து இரண்டு மாதத்தில் என் எண் கிட்டத்தட்ட பாதியாகிறது.

துகள் என்றால் இரும்பு ஆக்சைடு. ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத சிறுசு. தண்ணீரில் கலந்தால் கடுங்காப்பி மாதிரி இருக்கும். காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டும், லேசர் பட்டால் சூடாகும். அந்தச் சூட்டில் புற்றுநோய்க் கட்டியைக் கருக்க முடியுமா என்பதுதான் இத்தனை பாடும். ஒரு மில்லிகிராம் எவ்வளவு சூடு தரும் என்று அளந்தது நான். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமமாலா என்பவர் என் எண்ணை வைத்துத்தான் எலிகளுக்கு எவ்வளவு ஊசி போடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறார்கள்.

மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைக்க மறந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் அவளுக்கு 11. எனக்கு 19. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் 9, திங்கள்

பாட்டிலில் கரைசல் நிற்கும் மட்டத்தில் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். லேபிளுக்குக் கீழே, வேறு யார் கண்ணிலும் படாத இடத்தில். மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே டேப் ஒட்டித் தேதி எழுதினேன். ஜெபக்கனி கேட்டாள்.

"என்னக்கா, டேப்பெல்லாம் ஒட்டிருக்கீங்க?"

"காத்து உள்ள போயிரும்லா."

"ஓ."

அந்த "ஓ" இரண்டு விநாடி நீண்டது.

மார்ச் 11, புதன்

பெரிய காந்தம் டிராயரில் இல்லை. தேடினால் ஜெபக்கனியின் அலமாரித் தட்டில், துடைக்கும் தாளுக்கு அடியில் இருக்கிறது.

எனக்கு இப்போது புரிகிறது. பாட்டிலின் பக்கத்தில் காந்தத்தை ஒட்டி வைத்தால் துகள் எல்லாம் அந்த ஓரத்துக்கு இழுபட்டுவிடும். வெறும் தண்ணீரை மாற்றி ஊற்றலாம், துகளைத் தனியாக எடுக்கலாம். மட்டம் மாறாது, என் பேனாக் கோடும் அப்படியே இருக்கும். அப்புறம் எனக்கு மட்டும் எப்படி 19 வருகிறது என்று யோசித்தேன். நான் பாட்டிலைக் குலுக்கி, அடியிலிருந்து எடுக்கிறேன். அவள் மேலாகத் தெளிந்ததை எடுத்து அளந்து, "அக்காவின் எண் தப்பு" என்று காட்டப் பார்க்கிறாள். எதற்கு? வைவாவுக்குப் பிறகு இந்த ஆய்வகத்தில் ஓர் இடம்தான் இருக்கிறது. அது யாருக்கு என்று என் கைடு தாணுமாலயன் சார் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்று அவள் முன்னாலேயே அளந்தேன். பார்க்கட்டும்.

ஒரு மில்லிலிட்டர் எடுத்துச் சின்னச் சதுரக் கண்ணாடிப் புட்டியில் விட்டேன். தெர்மோகப்பிள் கம்பியை, அதாவது வெப்பநிலை காட்டுகிற அந்த மெல்லிய கம்பியை, புட்டியின் சரியான நடுவில் இறக்கினேன். இரண்டு பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் திரையில் எண் துள்ளி ஏறியது. முதல் விநாடியிலேயே ஏழு டிகிரி. அதன்பிறகு நிதானமாக ஏறி 19.6.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேங்க்கா. அணைச்ச ஒடனே அதே ஏழு டிகிரி சடக்குன்னு எறங்குது பாருங்க."

"நம்ம துகள் அப்படித்தான். வெளிச்சத்துக்கு ஒடனே பதில் சொல்லும்." கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பாராட்டியும் இருந்தார்.

"கம்பிய இன்னும் கொஞ்சம் கீழ, ஓரமா எறக்கிப் பாப்பமாக்கா? நான் அங்கனதான் வைப்பேன்."

"சூடு பிறக்கிற எடத்துலதான அளக்கணும்? ஓரத்துல வச்சா ஓரத்துச் சூடுதான் தெரியும்."

தலையாட்டிவிட்டுத் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பினாள்.

மார்ச் 17, செவ்வாய்

பாட்டிலின் மேலிருந்து ஒரு மில்லி, அடியிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுப்பில் காயவைத்து, மிஞ்சிய துகளை எடை போட்டேன். இரண்டும் ஒரே எடை. பிப்ரவரியில் இருந்த அதே எடை.

ஆக, குறையவில்லை. அல்லது, எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டாள். டேப் ஒட்டியதைப் பார்த்து உஷாராகியிருக்கலாம்.

மார்ச் 18, புதன்

மோட்டார் காயில் போய்விட்டது. இரண்டு நாளாகக் கீழ்வீட்டில் இருந்து குடத்தில் தண்ணீர். இவர், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார். சாப்பிடும்போது ஜெபக்கனி விஷயம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கடைசியில், "அந்தப் பிள்ளைக்குத்தான் சரியா வந்திருக்கோ என்னவோ?" என்றார்.

கணக்கு வாத்தியாருக்கு லேசரைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 23, திங்கள்

காலையில் உள்ளே நுழைகிறேன், என் மேசைக்கு முன்னால் ஜெபக்கனி நிற்கிறாள். என்னுடைய மூன்றாம் வருடக் குறிப்பேடு விரித்திருக்கிறது.

"யாரக் கேட்டு எடுத்த?"

"சாரிக்கா, அலமாரில பொதுவா இருந்துச்சுன்னு எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெறும் தண்ணி வச்சு எவ்வளவு வந்துச்சு? பேப்பர்ல 0.4-ன்னு போட்டிருக்கீங்க. நோட்டுல அந்தத் தேதியக் காணல."

"எல்லாத்தையுமா ஒரே நோட்டுல எழுதுவாங்க?"

"இல்ல, எந்த நோட்டுன்னு சொன்னீங்கன்னா..."

"தேடிப் பாத்துச் சொல்லுதேன்."

வெறும் தண்ணீர் இந்த ஒளியில் அவ்வளவாகச் சூடாகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அரை டிகிரிக்கு மேல் சொன்னதில்லை. கட்டுரை எழுதிய அந்த மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்திரி அங்கே, பகல் இங்கே என்று இருந்தேன். ஏதாவது துண்டுத்தாளில் எழுதியிருப்பேன். இதை இப்போது யார் கேட்டார்கள்?

அடுத்தவர் நோட்டைப் புரட்டுகிறவள் பாட்டிலையும் தொடுவாள்.

மார்ச் 24, செவ்வாய்

தாணுமாலயன் சாரிடம் போய்ச் சொன்னேன். வாயால் சொன்னால் போதாது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். காந்தத்தை மறைத்து வைத்திருந்தது, அனுமதி இல்லாமல் என் குறிப்பேட்டை எடுத்தது, துகள் காணாமல் போவதாக எனக்கு உறுதியான சந்தேகம் இருப்பது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துகள் காணாமப் போவுதுன்னா எவ்வளவும்மா?"

"சரியாச் சொல்ல முடியல சார்."

எடை போட்டுப் பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"அந்தப் பொண்ணும் போன வாரம் ஏதோ எழுதிக் குடுத்துது. வாசிக்க நேரம் இல்ல. எங்கயோ இருக்கு." மேசையைக் காட்டினார். மேசை முழுக்கத் தாள். "வைவா நேரத்துல வம்பு வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

அவள் என்னைப் பற்றி முந்திக்கொண்டிருக்கிறாள்! நல்லவேளை, இன்றே போனேன்.

மார்ச் 27, வெள்ளி

லேசர் அறைச் சாவியை ஜெபக்கனியிடம் இருந்து வாங்கிவிட்டார்கள். அவளுடைய ஆறு மாத நீட்டிப்பும் இல்லையாம். காரணம் எதுவும் எழுத்தில் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

இன்று அவளுக்குக் கடைசி நாள். பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போகிறவள் போலத்தான் பையோடு கிளம்பினாள். தன் மேசையை ஈரத்துணியால் துடைத்தாள். புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என்னிடம் வந்து, "வாரேங்க்கா. வைவா நல்லபடியா முடியட்டும்" என்றாள்.

அழவில்லை. சண்டையும் போடவில்லை. இவ்வளவு அமைதியாகப் போகிறவளை நம்பலாமா?

ஏப்ரல் 2, வியாழன்

தனியாக அளந்தேன். 19.5. நிம்மதி.

ஏப்ரல் 6, திங்கள்

மதுரையிலிருந்து டாக்டர் ஹேமமாலா போன் செய்தார்.

"ஆவுடையம்மாள், நீங்க அனுப்பின பாட்டில இங்க எங்க லேசர்ல வச்சுப் பாத்தோம். பதினொண்ணைத் தாண்ட மாட்டேங்குது. எங்க பக்கம் என்ன தப்புன்னு தெரியல. நீங்க அளக்குறத ஒரு வீடியோ எடுத்து அனுப்புறீங்களா? அதே மாதிரி செஞ்சு பாக்குறோம்."

போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஜெபக்கனி மதுரைக்குப் பேசியிருக்கிறாள் என்பதுதான். அதே பதினொன்று! நம்பரை யார் கொடுத்திருப்பார்கள்? ஆய்வக மெயிலில் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. சொந்த போனிலிருந்து பேசியிருப்பாள்.

நாளைக்கு வீடியோ எடுக்கிறேன். ஆரம்பம் முதல் முடிவு வரை. வெட்டாமல், ஒட்டாமல். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை பத்தரை. பழைய போனைத் தாங்கியில் நிறுத்தி, வழக்கம்போல் கம்பியை நடுவில் இறக்கி, லேசரைப் போட்டேன். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. படம் சரியாக விழுகிறதா என்று போன் திரையைப் பார்த்தேன்.

திரையில் கம்பியின் முனை எரிந்துகொண்டிருந்தது. ஊதாவும் வெள்ளையுமாக, வெல்டிங் பொறி மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவுக்குத் தெரிகிறது. அது கரைசலைத் தாண்டி நேரே என் கம்பியின் முனையில் வந்து குத்திக்கொண்டிருந்தது.

அணைத்தேன். புட்டியைக் கழுவினேன். வெறும் தண்ணீர் ஊற்றினேன்.

8.1.

கம்பியை ஓரமாக, ஒளி படாமல் கீழே இறக்கினேன். வெறும் தண்ணீர், 0.6. துகள் கரைசல், 11.4.

ஏப்ரல் 7, சாயங்காலம்

மறுபடியும் நாலு தடவை. கம்பியை மாற்றி, புட்டியை மாற்றி, லேசரின் பலத்தைக் குறைத்துக் கூட்டி. எட்டு டிகிரி துகளின் சூடு அல்ல. ஒளி பட்டுக் காய்ந்த கம்பியின் சூடு. இரண்டு வருடமாக நான் கம்பியை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கட்டுரையில் போட்டபடி மதுரையில் மருந்தளவு வைத்தால், கட்டி கருகும் அளவுக்குச் சூடே பிறக்காது. எலிகள் சும்மா சாகும். அதற்கப்புறம் அந்த எண் எங்கே எல்லாம் போயிருக்கும் என்று நினைக்கப் பிடிக்கவில்லை.

சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று இவர் கேட்டார். இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

எழுதிவிடுகிறேன். அந்த 0.4 நான் அளந்தது அல்ல.

துண்டுத்தாள் எதுவும் கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை. ஆனால் தண்ணீரை அளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு இல்லாமல் இல்லை. மற்றவர்கள் கட்டுரையில் எல்லாம் அரை டிகிரிக்குள் என்று இருந்தது. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 0.4 என்று எழுதினேன். எழுதி முடித்தபின் நான் அளந்ததுபோலவே எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். "அந்தப் பிள்ள இப்போ எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

சாரிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். அவர் மேசையில் தாள்களுக்கு நடுவே தேடி ஜெபக்கனி கொடுத்ததை எடுத்தேன். ஒரே பக்கம். மார்ச் 16 தேதி. "தெர்மோகப்பிள் முனை மீது லேசர் நேரடியாகப் படுவதாகத் தோன்றுகிறது. வெறும் நீரில் ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும். ஆவுடையம்மாள் அக்காவோடு சேர்ந்து அளக்க அனுமதி வேண்டுகிறேன்." என்னைப் பற்றி அதில் ஒரு புகாரும் இல்லை.

சார் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

"இப்போதைக்கு இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வைவா முடியட்டும். பெறவு திருத்தம்னு ஒண்ணு அனுப்பிக்கிடலாம். கம்பி வச்ச எடத்துல சின்னப் பிசகு, அவ்வளவுதான?"

"0.4-ஐ நான் அளக்கல சார்."

"அது யாருக்கும்மா தெரியும்?"

அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

"மதுரைல ஊசி போட ஆரம்பிக்கப் போறாங்க சார்."

"அவங்ககிட்ட ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு."

"ஜெபக்கனி?"

சார் மேசைத் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் சொன்னபடியே செய்துவிடலாமா என்று பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு மணி நேரம் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். மூன்று பஸ்ஸை விட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் டாக்டர் ஹேமமாலாவுக்கு வீடியோவோடு மெயில் அனுப்பினேன். எண் தப்பு, தப்பு என்னுடையது, ஊசி வேலையை நிறுத்துங்கள். பிறகு பத்திரிகை ஆசிரியருக்கு. அதில் 0.4 பற்றியும் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டேன். அனுப்புவதற்கு முன் சாருக்கு ஒரு நகல் வைத்தேன்.

டாக்டர் பத்து நிமிடத்தில் பதில் போட்டார். "நிறுத்திவிட்டோம். சொன்னதற்கு நன்றி." அவ்வளவுதான். சாரிடம் இருந்து மத்தியானம் ஒரு வரி வந்தது. வைவா தள்ளி வைக்கப்படுகிறது, தேதி பிறகு.

ஏப்ரல் 11, சனி

நாசரேத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆட்டோ. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ஜெபக்கனி சமையலறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் அவள் அம்மா.

"உள்ள வாங்க" என்றாள். "அக்கா" இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் திரையில் கம்பி எரிந்தது, 8.1, கட்டுரையைத் திரும்பக் கேட்டது. வீடியோவைக் காட்டினேன். அதை மட்டும் ஆர்வமாகப் பார்த்தாள். "போன்ல தெரியுமா? எனக்குத் தோணவே இல்ல." ஒரு கணம் மறுபடியும் ஆய்வகத்தில் நிற்பவள் போல இருந்தாள். பிறகு போனை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"காந்தத்த எதுக்கு எடுத்தன்னு அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லிருப்பேன். அடில துகள் தங்கிருக்கான்னு பாத்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"எனக்குச் சந்தேகம் வந்துட்டு, ஜெபா. அவ்வளவு வித்தியாசம் வரவும்..."

"வித்தியாசம் மார்ச் ரெண்டாந்தேதியில இருந்தே இருந்துச்சு. நான் தண்ணி எவ்வளவுன்னு ஒங்ககிட்ட கேட்டது திங்கக்கெழம. நீங்க சார்கிட்ட எழுதிக் குடுத்தது செவ்வாக்கெழம."

அவள் அம்மா காப்பி டம்ளரை மேசையில் வைத்தார். அவர் நகரவில்லை.

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன். "சார்கிட்ட பேசி மறுபடியும் உன்னைய..."

"வேண்டாம். கோயம்புத்தூர்ல ஒரு லேபுக்குப் போட்டிருக்கேன். அவங்க கண்டிப்பா சார்கிட்ட விசாரிப்பாங்க. அவர் ஃபைல்ல ஒங்க தாள் இருக்கு. அதுக்குப் பதிலா ஒரு தாள் வேணும் எனக்கு. ஒங்க கையெழுத்துல."

உள்ளே போய்க் கோடு போட்ட வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எதிரே அவள், பக்கத்தில் நின்றபடி அவள் அம்மா. மார்ச் 24 அன்று செல்வி ஜெபக்கனி மீது நான் எழுதிக் கொடுத்த புகார் உண்மையல்ல. துகள் எதுவும் காணாமல் போகவில்லை, எடை போட்டுப் பார்த்து அது எனக்கு முன்பே தெரியும். அளவீட்டில் இருந்த பிழை என்னுடையது. அதை முதலில் கண்டுபிடித்தவர் அவர். அவரைத் தவறுதலாகச் சந்தேகித்துவிட்டேன்.

தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன். நிதானமாக வாசித்தாள். பிறகு கடைசி வரியில், "தவறுதலாக" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"இத அடிச்சிருங்க."

அடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.